வாசல் சொல்

விஜிலாவின் மனத்தை அளந்து முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது.

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வெள்ளை வண்டிக்குள் அவளை உட்கார வைத்துத் தலையில் மெல்லிய வலைத்தொப்பி ஒன்றை மாட்டினார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். காதில் ஒரு பெண்குரல் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. பந்து. அண்ணன். பூட்டு. சிரிப்பு. அவள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

மனமானி என்ற அந்தக் கருவி புழக்கத்துக்கு வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் வேலைக்கு வருகிறவர்களிடம் நீளமான கேள்வித்தாளைக் கொடுத்து, ‘எனக்கு எளிதில் கோபம் வரும்: ஆம், இல்லை’ என்று கட்டம் நிரப்பச் சொல்வார்கள். எல்லாரும் கோபமே வராத மகான்களாக நிரப்பிக் கொடுத்தார்கள். மனமானியிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. சொல் காதில் விழுந்த முதல் கால் நொடியில் மூளை எப்படி அசைகிறது என்பதை அது பார்த்துவிடும். புத்தி, பொறுமை, கோபம், நேர்மை, பயம் என்று பன்னிரண்டு எண்களைக் கொடுக்கும். அந்தப் பன்னிரண்டு எண்களும் பெயரைப் போல ஆளோடு ஒட்டிக்கொள்ளும். எந்தக் கல்லூரி, எந்த வேலை, சில வீடுகளில் எந்த மாப்பிள்ளை என்பதுகூட அதைப் பார்த்துத்தான்.

விஜிலா சுகாதாரத் துறையில் எழுத்தர் வேலைக்கு மனு போட்டிருந்தாள். முடிவை வாசித்த அதிகாரி நிமிர்ந்து அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“உங்களுக்குப் பயம் பூஜ்யம்மா.”

“எனக்கா சார்?” இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறவள் அவள். “இடின்னா எனக்கு ஆகவே ஆகாது.”

“நீங்க பயம்னு நெனச்சுக்கிட்டு இருக்கறது வேற எதாவது இருக்கும். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

ஒரே வாரத்தில் முன்னணி மீட்புப் படையிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் பூஜ்யம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் விளவங்கோடு, கல்குளம் என்ற இரண்டே தாலுகாக்காரர்கள். ‘பயமறியா மண்’ என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. கருங்கல் சந்திப்பில் விஜிலாவின் படத்தோடு பேனர் வைத்தார்கள். சிங்காரி மேளம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா தாசையனை இழுத்துவந்து மாலை போட்டார்கள்.

“எனக்க மொவளுக்கு பேடின்னா என்னன்னே தெரியாது, கேட்டியளா?” என்று தாசையன், பயத்துக்கு ஊரில் வழங்கும் சொல்லிலேயே, ஒலிபெருக்கியில் சொன்னபோது கூட்டம் விசிலடித்தது. விஜிலாவுக்குப் புல்லரித்தது. மேளச் சத்தத்தில் நெஞ்சு படபடத்தபோது, இது பயமில்லை, இது வேறு ஏதோ என்று அவளே நம்பத் தொடங்கினாள்.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருந்தது படையின் முகாம். முன்னணிப் பிரிவில் நாற்பது பேர். அவர்களில் முப்பத்தொரு பேர் அந்த இரண்டு தாலுகாக்காரர்கள். ஆறு பெருகிப் பாலத்தை மூடினால், படகு இறங்குவதற்கு முன் இவர்கள் நீந்திப் போய் அக்கரையில் வடத்தைக் கட்ட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் வருவார்கள். மற்ற பிரிவினருக்கு இடுப்பில் இரண்டு கயிறு உண்டு, கரையிலிருந்து கண் எடுக்காமல் பார்க்கத் துணையாள் உண்டு. பூஜ்யக்காரர்களுக்கு ஒரே கயிறு, துணை கிடையாது. பயமில்லாதவனுக்குத் தயக்கம் வராது, தயங்காதவனுக்கு இரண்டாவது கயிறு வேகத்தைக் குறைக்கும் என்று விதிப் புத்தகம் சொன்னது.

உண்மையைச் சொல்வதானால், விஜிலாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. கூரைமேல் நிற்கும் ஒரு குடும்பம் தன்னைக் கண்டதும் கையை ஆட்டிக் கத்துகிற அந்த நிமிடத்துக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன்னால் முழங்கால் இரண்டும் வெடவெடக்கும், அடிவயிறு கலங்கும். பயிற்சியாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அது ஊக்க நடுக்கம். பந்தயக் குதிரைக்கு இருக்கும்ல, அந்த மாதிரி,” என்றார். அதன்பிறகு அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நடுக்கம் தெரியாமல் இருக்க, இறங்கும் முன் முழங்காலைக் கையால் தட்டிக்கொள்வது போல அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மற்ற முப்பது பேரும் அதேபோல ஏதாவது ஒன்று செய்கிறார்கள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

அந்த முப்பது பேரில் சுபின் என்ற இளைஞன் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னான். மூன்றாவது வருடம் ஐப்பசியில் ஒரு முற்பகல். தரைப்பாலத்துக்கு மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. அன்று முதலில் இறங்க வேண்டியவன் அவன்.

“எக்கா, எனக்கு பேடியா இரிக்கு.”

“சும்மா கெடலே. நமக்கு ஏது பேடி? மெசினே சொல்லியிருக்குல்லா?”

சுபின் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்கினான். பாதி தூரத்தில் நின்றுவிட்டான். திரும்புவதா போவதா என்று தெரியாமல் நின்ற அந்த இடைவெளியில், அடித்து வந்த ஒரு மரத்துண்டு அவனைப் பாலத்தின் தூணோடு சேர்த்து நசுக்கியது. ஒரே கயிறு என்பதால் இழுக்கத் தாமதமானது. உயிர் பிழைத்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பயம் பூஜ்யமான ஒருவன் எப்படித் தயங்கினான் என்று விசாரிக்க மனமானி ஆணையத்திலிருந்து டாக்டர் நாச்சம்மை வந்தார். ஐம்பத்தைந்து வயது, காரைக்குடிப் பக்கம். மனமானியின் சொற்பட்டியலைத் தயாரித்த ஐந்து பேரில் ஒருவர். முகாம் அலுவலகத்தின் சின்ன அறையில் விஜிலாவை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

“தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி அவர் எதாவது சொன்னாரா?”

விஜிலா நான்கு நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். “பேடியா இருக்குன்னான் டாக்டர். நாந்தான் அவன வாய மூடச் சொன்னேன். எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான் இருக்கும். ஊக்க நடுக்கம்னு சொன்னாங்க. ஆனா எனக்குத் தெரியும். சின்னப் புள்ளையில இருந்து எனக்குத் தெரிஞ்ச அதே பேடிதான் அது.”

நாச்சம்மை பேனாவை மூடி வைத்தார். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. விடாமல் இருமினார். விஜிலா பதறி எழுந்தாள்.

“இரிங்க டாக்டர், குடிக்க வெள்ளம் கொண்டு வாறேன்.”

அவள் கதவருகே போய்விட்டாள்.

“நில்லு.” இருமலுக்கு நடுவே நாச்சம்மையின் குரல் கீச்சென்று வந்தது. “என்ன கொண்டு வர்றேன்னு சொன்னே?”

“தண்ணி, டாக்டர்.”

“இல்ல. இப்ப சொன்ன மாதிரியே சொல்லு.”

“வெள்ளம்.” விஜிலாவுக்கு வெட்கமாகிவிட்டது. “ஊருல நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். குடிக்கியதும் வெள்ளம்தான், கிணத்துல கோருகதும் வெள்ளம்தான். இங்க வந்த பெறகு தண்ணின்னு மாத்திக்கிட்டேன். அவசரத்துல வந்துட்டு.”

நாச்சம்மை எழுந்து நின்றார். இருமலை மறந்துவிட்டார். அறைக்குள் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“உக்காரு. இதை நான் உனக்குச் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். ஒவ்வொரு குணத்துக்கும் இருபது சொல். பன்னிரண்டு குணத்துக்கு இருநூத்தி நாப்பது. அத்தனையும் கேட்டா ஒரு மணி நேரம் ஆகும். கோடிப் பேரை அளக்கணுமே. அதனால ஒரு குறுக்குவழி வச்சோம். ஒவ்வொரு குணத்துக்கும் முதல் சொல்லை வாசல் சொல்னு வச்சுக்கிட்டோம். அந்தச் சொல்லுக்கு மனசு அசைஞ்சாத்தான் உள்ளே போய் மத்த பத்தொன்பதையும் கேட்கும். அசையலைன்னா அங்கேயே பூஜ்யம் போட்டுட்டு அடுத்த குணத்துக்குப் போயிடும்.”

“பயத்துக்கு வாசல் சொல் என்ன, டாக்டர்?”

“பச்சைக்குழந்தைக்கும் தெரிஞ்ச சொல்லா இருக்கணும்னு நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன். சென்னையில, மதுரையில, திருச்சியில, கோயம்புத்தூர்ல ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சரிபார்த்தோம். ஒருத்தருக்குக்கூட அசையாம இருந்ததில்ல.” நாச்சம்மை மேஜையைப் பிடித்துக்கொண்டார். “வெள்ளம்.”

விஜிலாவுக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. “வெள்ளம்னா பெருக்கு வாறதுன்னும் எங்களுக்குத் தெரியுமே? பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம்லா?”

“தெரியும். ஆனா கருவி பார்க்கறது முதல் கால் நொடியை மட்டும். அந்தக் கால் நொடியில பள்ளிக்கூடம் வராதும்மா. வீடுதான் வரும். உனக்கு ஒரு டம்ளர் தண்ணி ஞாபகம் வந்திருக்கு. உங்க ஊர்ல எல்லாருமே இப்படிச் சொல்வாங்களா?”

“மேக்கால, எங்க ரெண்டு தாலுகாவுல உள்ளவங்க எல்லாம். நாகர்கோவில் பக்கம் போனா தண்ணின்னுதான் சொல்லுவாங்க.”

“நாகர்கோவில் பக்கத்துல இருந்து பூஜ்யம் யாராவது?”

விஜிலா பிரிவில் மற்ற ஒன்பது பேரின் ஊரையும் எண்ணிப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லை.

அது மதியச் சாப்பாட்டு நேரம். உணவுக்கூடத்துக்கு இருவரும் ஓடாத குறையாகப் போனார்கள். விஜிலா ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். முப்பத்தெட்டுத் தலைகள் தட்டிலிருந்து நிமிர்ந்தன.

“எல்லாரும் ஒண்ணு கேளுங்க. சின்ன வயசுல தாகம் எடுத்தா அம்மைகிட்ட என்னன்னு கேட்பிய? நெனச்சுப் பாக்காதீங்க, டக்குன்னு சொல்லுங்க!”

“வெள்ளம்!” என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூடமே அந்தச் சொல்லால் நிறைந்தது. நாச்சம்மை விரல்விட்டு எண்ணினார். விஜிலாவோடு சேர்த்து முப்பது பேர். முப்பத்தொன்றாவது ஆள் மருத்துவமனையில் இருந்தான்.

“இனி அடுத்தது,” என்றாள் விஜிலா. “இறங்கதுக்கு முன்ன முட்டு நடுங்கும், வயிறு கலங்கும். எனக்கு அப்பிடி உண்டு. வேற யாருக்கு?”

அவளைவிட ஒரு அடி உயரமான ஒருவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மூன்று வருடம் ஒரே கூடத்தில் சாப்பிட்டவர்கள் அன்றுதான் முதன்முதலாக அறிமுகமானவர்களைப் போல ஒருவரை ஒருவர் தோளில் அடித்துக்கொண்டார்கள்.

சிரிக்காதவர்கள் விஜிலாவும் நாச்சம்மையும் மட்டும்தான். அந்த மாலையே அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். நாச்சம்மை எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை சுபின் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பம் அன்னைக்கு எனக்கு வந்தது பேடிதானா?”

“ஆமாலே,” என்றாள் விஜிலா. “என்ன மன்னிச்சிரு.”

“எக்கா, கால் போனதுகூட சரி. எனக்க மண்டையில ஏதோ கோளாறுன்னுல்லா நான் நெனச்சிட்டு கெடந்தேன்.” நாச்சம்மையிடம் திரும்பினான். “இத எல்லாருக்கும் சொல்லணும் டாக்டர். இன்னும் எத்தன பேரு அப்பிடி நெனச்சிட்டு இரிக்கானோ?”

ஆணையத்தின் தலைவர் அப்படி நினைக்கவில்லை. “எட்டு வருஷம், ஒரு கோடியே இருபது லட்சம் பேர். ஒரே ஒரு சொல்லுக்காக அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகணுமா? சத்தமில்லாம அந்தச் சொல்லை மாத்திட்டுப் போவோமே,” என்றார். நாச்சம்மை ஒரு நாள் யோசித்தார். மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர் எதிர்பார்க்காத இடத்திலிருந்து கோபம் வந்தது. இரண்டு தாலுகாக்களிலும் கடையடைப்பு. ‘எங்கள் வீரத்தைத் திருடாதே’ என்று சுவரெழுத்து. தாசையன் மகளுக்குப் போன் செய்தார்.

“நீ ஏன் மக்களே அந்த பெஞ்சில ஏறுன? இனி நான் சந்திப்புல எப்பிடி நடப்பேன்?”

“அப்பா, எனக்கு இடின்னா பேடிதானே? உங்களுக்குத் தெரியும்லா?”

மறுமுனையில் மெதுவாக ஒரு சிரிப்பு. “கட்டிலுக்கு அடியில இருந்து உன்ன இழுத்து எடுக்க நான் பட்ட பாடு! தெரியும். தெரிஞ்சும் அந்த மைக்க பிடிச்சேன்.”

ஊர் ஊராகச் சரிபார்த்த புதிய பட்டியலோடு, பூஜ்யம் வாங்கியவர்களுக்கு மறுபரிசோதனை நடந்தது. விஜிலாவின் பயம் அறுபத்திரண்டு. மாநிலச் சராசரியைவிட அதிகம். விரும்பியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஐந்து பேர் போனார்கள். மற்றவர்கள், இனி எல்லாருக்கும் இரண்டு கயிறு, துணையாள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு தங்கினார்கள். விஜிலாவும் தங்கினாள். ஏன் என்று கேட்ட நிருபரிடம், “இந்த வேலை எனக்கு இப்போ தெரியும்,” என்று மட்டும் சொன்னாள்.

நாச்சம்மைக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை விஜிலாவைக் கூப்பிட்டார்.

“பயத்தோட எண் பட்டியல்ல கீழ்ப்பக்கத்தை மட்டும்தானே நாம பார்த்தோம்? மேல்பக்கத்தை யாரும் பார்க்கலியே. பயம் ரொம்ப அதிகம்னு தள்ளிவிட்டவங்க. அதுல முதல் பேர் தவமணி. தொண்ணூத்தெட்டு. கருவி அதுக்கு மேல கொடுத்ததே இல்ல. பஸ் ஓட்ட மனு போட்டிருக்காங்க, இல்லன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வேலை, இல்ல. இன்னொண்ணு கேளு. உங்க படைக்கே மூணு தடவை மனு போட்டிருக்காங்க.”

“தொண்ணூத்தெட்ட வச்சிக்கிட்டா?”

“அதான் நேர்ல பார்ப்போம், வா.”

முடிச்சூருக்கு அப்பால், அடையாற்றை ஒட்டிய ஒரு தெரு. தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டுப் போனார்கள். தவமணிக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் வாசற்படியிலேயே நின்றார். பேசும்போது நொடிக்கு ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்தார். கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றெட்டு சரிதான் போலிருக்கிறது என்று விஜிலாவுக்குப் பட்டது. நாச்சம்மையின் முகத்திலும் அதுவே எழுதியிருந்தது.

“உங்களுக்குப் போட்ட எண் தப்பா இருக்கலாம்னு சொல்லத்தான் வந்தோம்,” என்று நாச்சம்மை தொடங்கினார்.

“தப்பெல்லாம் இல்லம்மா. அந்த மிஷின் சரியாத்தான் சொல்லுச்சு. நடுவுல ஒரு வார்த்த, வெள்ளம்னுச்சு. அவ்ளோதான், அதுக்கப்புறம் என்னா சொன்னாங்கன்னே எனக்குத் தெரியாது. நான் எங்க வூட்டு மாடிக்குப் போயிட்டேன்.”

“மாடிக்கா?”

“பத்து வருசத்துக்கு மின்ன வந்துச்சே, அந்த வெள்ளத்துல. கதவக் கழட்டிப் போட்டு, அதும்மேல ஒருத்தர் ஒருத்தரா உக்கார வச்சு இந்தத் தெருவுலேர்ந்து இழுத்துக்கினு போனேன். பதினோரு பேரு. பன்னெண்டாவது என் வூட்டுக்காரரு. நான் திரும்பி வர்றதுக்குள்ள…” அவர் முடிக்கவில்லை. மறுபடி தெருவைப் பார்த்தார்.

நாச்சம்மையின் கையிலிருந்த கோப்பு மடியில் சரிந்தது. “இவ்வளவு பயத்தோட எதுக்கும்மா இந்தப் படைக்கு மூணு தடவை மனு போட்டீங்க?”

தவமணி கேட்டது வேறு.

“உங்க வண்டிய எங்க வுட்டுட்டு வந்தீங்க?”

“வாய்க்கால் ஓரமா,” என்றாள் விஜிலா.

“எடுத்துடுங்க. நீங்க வரும்போது எதிர்வூட்டு வாசல்ல நாலு படி தெரிஞ்சுது. இப்ப ரெண்டுதான் இருக்கு.”

விஜிலா எழுந்து பார்த்தாள். தூறல் அதே தூறல்தான். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எதிர்வீட்டு இரண்டாவது படியைப் பழுப்புத் தண்ணீர் ஓசையில்லாமல் நக்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் வெள்ளத்திலேயே வேலை செய்தவள் அவள். இருபது நிமிடமாக இந்த வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். பார்க்கவில்லை.

“மேல எங்கியோ ஏரி தொறந்துட்டான். இன்னும் அர மணியில இடுப்பளவு வந்துடும்.” தவமணியின் உதடு வெளுத்திருந்தது, குரல் நடுங்கியது. கைகள் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தன. “கடசி வூட்ல கைப்புள்ளக்காரி ஒருத்தி தனியாக் கீறா. அதுக்குப் பக்கத்துல கண்ணு தெரியாதவரு. அம்மா, நீங்க மாடிக்குப் போயி போன் போட்டு ஆளுங்கள வரச் சொல்லுங்க. நீ வா பாப்பா, என் பின்னாலயே வா. நடுவுல ரெண்டு குழி இருக்குது, எனக்குத்தான் தெரியும்.”

இதைச் சொல்லி முடிக்கும்போதே அவர் படியிறங்கியிருந்தார். விஜிலா வாசல் கொடிக்கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைத் தன் இடுப்பு வாரில் மாட்டி, மறுமுனையைத் தவமணியிடம் நீட்டினாள். பிறகு, அத்தனை வருடமும் எங்கும் முதல் ஆளாக இறங்கியே பழகியவள், அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து இறங்கினாள்.